இருமல் நின்றால் நோய் நின்றதா?



பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்து ரயில்வே குமாஸ்தாவான நாம் மருத்துவம் பேச வந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். பட்ட பாடே நம்மைப் பேச வைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தம்பிக்குக் காசநோய் கண்டது. இரண்டு திங்கள் மருந்துண்டதும் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. "இனி எதற்கு மருந்து?" என்றான். நாமும் மறுக்கவில்லை. ஆண்டு திரும்புமுன் நோய் திரும்பியது. முதலிலிருந்து மருந்துண்டு, அரும்பாடுபட்டுப் பிழைத்தான். அதுவரை நோய் எங்கே ஒளிந்திருந்தது? இக்கேள்வி நம்மை விடவில்லை.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் தாய்மார்கள் அதன் உட்சுவரில் வழவழப்பாய்ப் படியும் ஏட்டினை அறிவார்கள். அது கிருமிகளின் குடியிருப்பு. தனித்து நீந்தும் கிருமி சுவரைப் பற்றியதும் பசையொன்றைச் சுரந்து, பிறவற்றோடு ஒட்டிக் கூட்டமாகிறது. அறிஞர் இதனை உயிரிப்படலம் என்பர். பல்லில் படியும் அழுக்கும் இவ்வினமே.

காசக் கிருமியின் இனமும் இவ்வாறு படலம் கட்டும். அதனை ஆராய்ந்தோர் நம் ஊரிலேயே உள்ளனர். யசுவந்தபுரம் ரயில் நிலையத்துக்கு அண்மையில், பெங்களூர் மக்கள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்றழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தில், தீபங்கர் சாட்டர்ஜி குழுவினர் காசக் கிருமியின் தீங்கற்ற உறவுக் கிருமி ஒன்றை ஆராய்ந்தனர். அதன் சிறு புரதம் ஒன்றை நீக்கியதும் படலம் கட்டும் திறம் குன்றியதை 2006-இல் வெளியிட்டனர்.

முன்னர் அவரோடு ஆராய்ந்த அனில் ஓஜா, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தம் தோழர்களுடன் 2005-இல் மற்றொன்றைக் கண்டார். இவ்வினக் கிருமிகளின் மேலுறையில் மெழுகு போன்ற நீண்ட கொழுப்பு அமிலங்கள் உண்டு. சரக்கு வண்டியில் பெட்டியோடு பெட்டி கோப்பதுபோல் அச்சங்கிலியை நீட்டுவதில் காஸ்-ஏ என்னும் புரதத்துக்குப் பங்குண்டு. படலம் கட்டுங்கால் குரோயெல்-1 என்னும் துணைப் புரதம் அதனோடு சேருகிறது. துணையை நீக்கினால் கிருமி தனித்து வளரும். முதிர்ந்த படலம் மட்டும் உருவாகாது.

2008-இல் காசக் கிருமியே ஆய்வுக் கலத்தில் படலம் கட்டுவதையும், அதனுள் சில கிருமிகள் மிகுந்த மருந்துக்கும் மடியாதிருப்பதையும் அவர்கள் காட்டினர். இவை மருந்தை வென்ற கிருமிகள் அல்ல. மழை விடும்வரை கூரையடியில் ஒதுங்கி நிற்போரைப் போல் பொறுத்திருப்பவை. மருந்து நின்றால் மீண்டும் பெருகும். அவற்றுள் சில, பின்னர் மருந்தையே வெல்லும் வகையாக மாறவும் கூடும்.

கலத்தில் கண்டது அவ்வாறே நுரையீரலில் நிகழ்கிறது என்று நாம் துணியவில்லை. ஆயினும் அங்கும் சில கிருமிகள் மெல்லவே மடிகின்றன. அதனாலன்றோ வழக்கமான சிகிச்சை ஆறு திங்கள் நீள்கிறது!

ஆதலின் நம் காலனிக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். காசநோயை வெட்கத்தால் மறைக்க வேண்டா. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். இருமல் நின்ற நாளன்று மருந்தை நிறுத்த வேண்டா. நிறுத்தும் நாளை மருத்துவரே சொல்லட்டும். வீட்டிலொருவர் மாத்திரை நாளை எண்ணிக் காக்கட்டும். அன்று நாம் அதைச் செய்யத் தவறினோம், நீங்கள் தவறாதீர்கள்.