தொலை அணுகல்: எழுத்தும் இசைவும்



ஓரிடத்தில் இருந்துகொண்டு வேறோரிடத்திலுள்ள கணினியைத் திறந்து இயக்குவதைத் தொலை அணுகல் என்கிறோம். மொழி அரங்கில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சென்ற முதற்செய்தியே ஒரு தொலை அணுகல் முயற்சிதான். 1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனக் கணினிக்குள் நுழைய முயன்றனர். 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் சென்று சேர்ந்தன. மூன்றாம் எழுத்தில் எதிர்முனைக் கணினி நின்றுபோயிற்று. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே முயற்சி நிறைவேறியது. எழுத்தெழுத்தாகத் தொடங்கிய இச்செயலை எழுத்தைப் பயில்வோர் ஆராய்வது பொருத்தமே.

2020 மார்ச் 18 அன்று நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, ஆசிரியர் வீட்டிலும் அவருடைய கோப்புகள் பள்ளிக் கணினியிலுமாகப் பிரிந்து கிடந்த நிலையைப் பலரும் அறிவோம். செர்டாங் போன்ற சிற்றூர்களில், கணினி பழுதுபட்டால் வந்து பார்ப்பவர் அருகில் இருப்பதில்லை. எனவே இது நமக்குத் தேவையான கலை.

முதலில் முகவரி. உறையின்மேல் 'செர்டாங்' என்று மட்டும் எழுதினால் போதாது. நம் கெடாச் செர்டாங்கின் அஞ்சல் குறியீடு 09800. புத்ரா பல்கலைக்கழகம் அமைந்துள்ள சிலாங்கூர்ச் செர்டாங்கின் குறியீடு 43400. பெயர் ஒன்று, இடம் வேறு. கணினிக்கும் அவ்வாறே. நாம் அதற்கு எப்பெயர் இட்டாலும், வலையமைப்பு அதனை எண்ணைக் கொண்டே கண்டுபிடிக்கிறது. தொலை அணுகல் செயலிகள் ஓர் எண்ணையோ குறியீட்டையோ கேட்பதன் காரணம் இதுவே. அவ்வெண்ணை அறிந்தவருக்கு வாசல் தெரிந்துவிடுகிறது. கதவைத் திறப்பதற்குத்தான் கடவுச்சொல்லும் உரியவரின் இசைவும் தேவைப்படுகின்றன.

இனி, இரு கணினிகளுக்கிடையே பயணம் செய்வது எது என்று நோக்குவோம். தொல்காப்பியர் காலந்தொட்டே எழுத்தின் ஒலியையும் வடிவையும் வேறுபடுத்தி ஆராயும் மரபு நம்முடையது. கணினியில் இன்னுமொரு வேறுபாடு உண்டு. எழுத்தின் அடையாள எண் ஒன்று. திரையில் தோன்றும் வரிவடிவம் மற்றொன்று. தொலை அணுகலின் இருவகை முறைகளும் இவ்வேறுபாட்டின்மீதே நிற்கின்றன.

முதல் வகையில் எழுத்தின் எண் செல்கிறது. ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டு யூலோனென் 1995-இல் உருவாக்கிய எஸ்எஸ்எச் இவ்வகையினது. அதற்கு முந்திய டெல்நெட் முறையில் கடவுச்சொல்லும் வெளிப்படையாகவே சென்றது, இடைவழியில் திருடப்பட்டது. எஸ்எஸ்எச் அனைத்தையும் மறைகுறியாக்கி அனுப்புகிறது. இங்கு வரிவடிவம் நம் முனையில் உருவாகிறது. ஆதலால் தமிழ் எழுத்துரு நம் கணினியில் இருத்தல் வேண்டும்.

இரண்டாம் வகையில் திரையின் படம் செல்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடமொன்றிலிருந்து 1998-இல் வெளிவந்த விஎன்சி இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. இங்கு எழுத்துரு அந்த முனையில் இருந்தாலே போதும். நமக்கு வருவது படம்.

இதனால் விளையும் ஒரு சிக்கலை ஆசிரியர்கள் கருதவேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆண்டு மலர்களும் வினாத்தாள்களும் பள்ளிக் கணினிகளில் இருக்கக்கூடும். தொலைத்திரையில் அவை செம்மையான தமிழாகத் தோன்றும். ஒரு பத்தியை நகலெடுத்து நம் கணினியில் ஒட்டினாலோ, பொருளற்ற ஆங்கில எழுத்துகளே கிடைக்கும். படம் வந்தது; எழுத்து வரவில்லை. ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே அக்கோப்புகள் எங்கும் தமிழாக வாழும். பழைய கணினியை அகற்றுமுன் இப்பணியைச் செய்துவிடுதல் நன்று.

தட்டெழுதும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. பல செயலிகளில் நம் முனையிலிருந்து செல்வது எழுத்தன்று, எந்த விசை அழுத்தப்பட்டது என்னும் செய்தியே. முத்து நெடுமாறன் மலேசியாவில் உருவாக்கிய முரசு அஞ்சலின் ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கிலக் 'கே' விசை 'க்' தரும். தமிழ்99 விசைப்பலகையில் அதே விசை 'ம' தரும். எனவே தமிழ் விசைப்பலகையை எதிர்முனைக் கணினியில் அமைத்து, நம் முனையில் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும் எளிய வழி.

அமைக்கும் முறையும் கடினமன்று. அப்போதைக்கு உதவி பெற விண்டோஸில் குவிக் அசிஸ்ட் உண்டு. உதவுபவர் தம் கணக்கினுள் நுழைந்து ஒரு குறியீட்டைப் பெறுவார்; உதவி பெறுபவர் அதனை உள்ளிட்டு இசைவு தருவார். குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பிலோ, உதவி பெறுபவர் 12 இலக்க எண்ணை உருவாக்கி உதவுபவருக்குச் சொல்வார். ஆளில்லாத பள்ளிக் கணினியை வீட்டிலிருந்து திறக்க வேண்டுமாயின், பள்ளியின் ஒப்புதலோடு முன்கூட்டியே அதில் குறைந்தது 6 இலக்க மறையெண்ணை அமைத்தல் வேண்டும். கணினி உறக்கநிலைக்குச் செல்லாதிருக்கவும் வேண்டும்.

இங்குதான் சொல்லின் பொறுப்பு வருகிறது. 'அனுமதி' என்னும் ஒரே பொத்தானுக்குள் மூன்று செயல்கள் மறைந்துள்ளன: காண விடுதல், இயக்க விடுதல், நிலையாகத் திறந்துவைத்தல். முதலாவது, சன்னல் வழியே பார்க்கவிடுவது. இரண்டாவது, வீட்டினுள் அழைப்பது. மூன்றாவது, சாவியையே கொடுப்பது. மூன்றையும் ஒரு சொல்லால் சுட்டினால், எதைத் தந்தோம் என்பதை அறியாமலே தந்துவிடுவோம். வங்கி அதிகாரி என்றும் காவல்துறை என்றும் சொல்லித் தொலைபேசியில் அழைத்து, ஒரு செயலியை நிறுவச் சொல்லிப் பணத்தைச் சுருட்டுவோர் இந்த மயக்கத்தையே பயன்படுத்துகின்றனர். அவ்வாறு பணம் பறிபோனால் உடனே அழைப்பதற்கென நம் நாட்டில் 2022 முதல் 997 என்னும் எண் உள்ளது.

இழப்பைத் தடுக்க நம் இலக்கணமே ஒரு விதியைத் தருகிறது. 'நாம் அழைத்தவர்' வேறு. 'நம்மை அழைத்தவர்' வேறு. இரண்டையும் பிரிப்பது இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ'. நாம் தேடி அழைத்த, நாம் அறிந்த ஒருவருக்குத் திரையைத் திறக்கலாம். நம்மைத் தேடி அழைத்தவருக்குத் திறத்தல் ஆகாது. எண்பது வயதுப் பாட்டிக்கும் இவ்விதி விளங்கும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். மேற்சொன்ன மூன்று இசைவுகளையும் இவ்விதியையும் ஒரே தாளில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டில் தொலைபேசிக்கருகே ஒன்றும் பள்ளிக் கணினிக்கருகே ஒன்றும் ஒட்டுங்கள். நம் மொழியில் பெயரிட்டு அறிந்த வாசலை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதை நாமே முடிவுசெய்ய இயலும்.