அமைதி காக்கும் தீவு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு அம்மரபினின்றும் சற்றே விலகி, நாங்கள் கண்டு வந்த ஒரு தீவைப் பற்றிக் கூறுமாறு செயற்குழுவினர் பணித்தனர். கலிபோர்னியாவில் வாழும் எங்கள் மகளின் இல்லத்திற்கு நாங்கள் இருவரும் சென்றிருந்தோம். பிப்ரவரித் திங்களில் ஐந்து நாள் ஓய்வுக்கென அவள் எங்களை ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மொலோகாய்க்கு அழைத்துச் சென்றாள். நம்முள் பலருடைய பிள்ளைகள் இன்று அந்நாட்டில் இருக்கின்றனர். ஆதலின் நாளை உங்களுக்கும் அத்தகைய வாய்ப்புக் கிட்டலாம். அதனை எண்ணியே இதனைச் சொல்ல இசைந்தோம்.

ஹவாய் 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமாயிற்று. கலிபோர்னியாக் கரையினின்றும் ஏறத்தாழ 2,400 மைல் தொலைவில், பசிபிக் மாகடலின் நடுவே எரிமலைகளால் உருவான தீவுக் கூட்டம் அது. தலைநகரான ஹொனலூலு ஓவாகு என்னும் தீவில் உள்ளது. அதற்கும் மாவி என்னும் தீவிற்கும் இடையே கிடப்பது மொலோகாய். நீளம் 38 மைல். அகலம் 10 மைல். மக்கள் தொகை ஏறத்தாழ 7,000. மாவியிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் படகு 2016இல் நின்றுபோயிற்று. ஆதலின் ஹொனலூலுவிலிருந்து சிறு விமானத்தில் சென்றோம். ஒன்பது பேர் அமரும் அவ்விமானத்தில் ஏறுமுன் பெட்டிகளை மட்டுமன்றி எங்களையும் நிறுத்துப் பார்த்தே இருக்கை ஒதுக்கினர். அரை மணி நேரப் பயணம்தான். விமான நிலையத்தை விட்டு வெளிவரும் சாலையில், இது மொலோகாய், விரைவைக் குறையுங்கள் என்னும் பொருள்பட ஒரு பலகை நின்றது. வண்டி ஓட்டுவோருக்கான எச்சரிக்கை என்றே அப்போது நினைத்தோம்.

உண்மையைச் சொன்னால், முதல் நாள் எங்களுக்கு ஏமாற்றமே. கவுனகாகாய் என்பது தீவின் தலைமையான ஊர். அதன் கடைத்தெருவை நடந்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். தீவு முழுவதிலும் போக்குவரத்து விளக்கு ஒன்றுகூட இல்லை. தென்னை மரத்தைவிட உயர்ந்த கட்டடம் இல்லையென அவ்வூரார் பெருமையுடன் கூறுவர். நண்பகலுக்குள் ஊரைப் பார்த்தாயிற்று. "இனிப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று மகளிடம் கேட்டோம். "அப்பா, நாளைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்" என்றாள் அவள்.

மறுநாள் தென்கரைச் சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றோம். அக்கரையை ஒட்டி ஏறத்தாழ 28 மைல் நீளத்திற்குப் பவளப்பாறைத் திட்டு வேலிபோல் நீண்டு கிடக்கிறது. அலையின் வேகம் அங்கேயே அடங்கிவிடுவதால், கரையருகே கடல் குளம்போல் இருக்கிறது. இதனை நன்குணர்ந்த பழங்குடியினர், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எரிமலைக் கற்களாலும் பவளக் கற்களாலும் சுவர் எழுப்பிக் கடலோரத்தில் மீன்குளங்கள் அமைத்தனர். அறுபதுக்கும் மேற்பட்ட குளங்கள் ஒரு காலத்தில் இருந்தன. சுவரின் நடுவே மரச்சட்டங்களால் ஆகிய மதகு ஒன்று உண்டு. சிறு குஞ்சுகள் அச்சட்டங்களின் இடுக்கு வழியே உள்ளே வரும். உள்ளே தின்று கொழுத்தபின் வெளியேற இயலாது. வலையுமின்றித் தூண்டிலுமின்றி ஓர் ஊருக்கு உணவு சேர்த்த அறிவு அது. ஏரியும் மதகும் அறிந்த நம்மவர்க்கு அச்சுவர்களின் அருமை எளிதில் விளங்கும்.

ஊருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு உள்ளது. ஐந்தாம் கமேஹமேஹா என்னும் மன்னர் 1860களில் ஆயிரம் தென்னைகளை நட்டு வளர்த்த தோப்பு என்பர். இன்று ஒரு பகுதியே எஞ்சியுள்ளது. காய் தலையில் விழும் என்னும் எச்சரிக்கையைக் கண்டு, வெளியே நின்றவாறே மாலைக் கதிரவன் மறைவதைப் பார்த்தோம். அம்மன்னரின் பெயரை நினைவிற் கொள்ளுங்கள்; மீண்டும் வரும்.

மூன்றாம் நாள் வடகரைக்குச் சென்றோம். அத்தீவில் நாங்கள் கண்டவற்றுள் நெஞ்சை விட்டு நீங்காதது அதுவே. வடகரை முழுவதும் செங்குத்தான மலைச்சுவர். சிற்சில இடங்களில் கடலினின்றும் 3,000 அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. பலாவு என்னும் பூங்காவின் விளிம்பில் நின்று நோக்கினால், 1,500 அடிக்குக் கீழே ஒரு சிறு சமவெளி, நாக்கு நீட்டினாற்போல் கடலுக்குள் நீண்டு கிடப்பதைக் காணலாம். மூன்று புறமும் கடல். நான்காம் புறம் மலைச்சுவர். அதன் பெயர் கலௌபாபா. பச்சைப் புல்லும், வெண்ணிற நுரையும், சிறு சிறு வீடுகளுமாக அது ஓவியம்போல் தோன்றும். ஆயின் அது சிறைக்கூடமாக இருந்த இடம்.

ஹவாயில் தொழுநோய் பரவியபோது, நாம் முன்னர்க் கூறிய அம்மன்னரின் ஆட்சியில் 1865இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நோயுற்றோரைப் பிடித்து இச்சமவெளிக்கு அனுப்பலாயினர். முதற் கூட்டத்தார் 1866 ஜனவரியில் வந்திறங்கினர். அன்று தொடங்கி 1969 வரை ஏறத்தாழ 8,000 பேர் அவ்வாறு அனுப்பப்பட்டனர். கணவனைப் பிரிந்த மனைவியர், தாயைப் பிரிந்த குழந்தைகள் எனப் பலர். ஹவாய் மக்கள் அந்நோய்க்கு இட்ட பெயர்களுள் ஒன்று 'பிரிக்கும் நோய்' என்பது. உடலை அரித்த துன்பத்தைவிடக் குடும்பத்தைப் பிரித்த துன்பமே அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியது போலும்.

1873ஆம் ஆண்டு மே மாதத்தில் தாமியன் என்னும் பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் அங்கே வந்தார். அப்போது அவருக்கு வயது 33. புண்ணைக் கழுவினார், வீடு கட்டினார், குடிநீர்க் குழாய் அமைத்தார், சவப்பெட்டியும் செய்தார். பதினாறு ஆண்டுகள் அவர்களோடு ஒருவராக வாழ்ந்து, தாமும் அந்நோயுற்று 1889 ஏப்ரல் 15ஆம் நாள் மறைந்தார். அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டில் மேரியான் கோப் என்னும் துறவி வந்து, அங்கிருந்த பெண்களையும் சிறுமியரையும் பேணினார். இருவரையும் அவர்தம் திருச்சபை முறையே 2009இலும் 2012இலும் புனிதராக அறிவித்தது. தென்கரையில் தாமியன் 1870களில் எழுப்பிய சிறு கோயில்களை முந்தைய நாளே கண்டிருந்தோம். மரப்பலகையால் ஆன அக்கோயில்களைப் பார்த்தபோது தோன்றாத பெருமை, இம்மலை விளிம்பில் நின்றபோது தோன்றியது.

இவ்விடத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் சித்த மருத்துவர் நீரடிமுத்து என வழங்கும் விதையின் எண்ணெயைத் தோல் நோய்களுக்கும் தொழுநோய்க்கும் நெடுங்காலம் பயன்படுத்தினர். அவ்வினத்தைச் சேர்ந்ததே சால்மூக்ரா எண்ணெய். அதனை ஊசி வழியே செலுத்தத்தக்க மருந்தாக மாற்றும் முறையை ஹொனலூலுக் கல்லூரியில் ஆலிஸ் பால் என்னும் இளம்பெண் கண்டறிந்தார். தம் 24ஆம் வயதில், 1916இல், அவர் மறைந்தார். பின்னர் 1940களில் சல்போன் மருந்துகள் வந்து நோயை வென்றன. இன்று அந்நோய் மருந்தால் முற்றும் குணமாவது. பெரும்பாலோர் உடலில் இயற்கையாகவே அதற்கு எதிர்ப்பாற்றலும் உண்டு.

1969இல் தனிமைச் சட்டம் நீங்கியது. போக விரும்பியோர் போகலாம் என்றனர். ஆயின் பலர் போகவில்லை. எந்த இடத்திற்கு வலிந்து கொண்டுவரப்பட்டனரோ, அவ்விடமே அவர்களுக்கு வீடாகிவிட்டிருந்தது. 1980இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. இசைவின்றி எவரும் அங்கே இறங்கலாகாது. நாங்களும் இறங்கவில்லை. மேலே நின்று நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வரும் வழியில் மூவரும் ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள் கிழக்குக் கோடியிலுள்ள ஹாலாவா பள்ளத்தாக்கிற்குப் போனோம். கவுனகாகாயிலிருந்து ஏறத்தாழ 27 மைல். சாலை வரவரக் குறுகி, ஒரு வண்டி செல்லும் அளவிற்குச் சுருங்குகிறது. வழியில் கடலில் திமிங்கலங்கள் நீரைப் பீய்ச்சுவதைக் கண்டோம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அவை அங்கே வரும். ஹவாயின் மிகப் பழைய குடியிருப்புகளுள் ஒன்று ஹாலாவா. அங்கே அடுக்கடுக்காய் வரப்புக் கட்டி நீர் தேக்கிச் சேம்பு பயிரிட்டனர். நம் வீடுகளில் வறுவலாகும் சேப்பங்கிழங்குதான் அவர்களுக்கு அரிசி. 1946இல் ஆழிப்பேரலை புகுந்து வயல்களை உப்பாக்கிற்று, குடிகள் வெளியேறினர். 2004இல் நம் கடற்கரைகள் பட்ட துன்பத்தை அறிந்த நமக்கு அதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. இப்போது ஒரு சிலரே மீண்டும் அங்குச் சேம்பு நட்டு வாழ்கின்றனர்.

உள்ளே 250 அடி உயர அருவி உண்டு. வழி, அவர்தம் நிலத்தின் ஊடே செல்வதால், அவ்வூரார் துணையின்றிச் செல்லலாகாது. வெறுங்கையோடு போவதும் முறையன்று. எங்கள் வீட்டுத் தாயார் மகளின் இல்லத்தில் சுட்ட முறுக்கில் ஒரு பொட்டலத்தை எடுத்துச் சென்றிருந்தார். பள்ளத்தாக்கின் வாயிலில் எங்களை நிறுத்திய வழித்துணைவர், சங்கு ஒன்றை எடுத்து ஊதினார். உள்ளிருந்து மறு சங்கொலி வந்த பின்னரே அழைத்துச் சென்றார். வருவோர் அனுமதி கேட்பதும், வீட்டார் வருக என்பதுமே அவ்விரு ஒலிகளின் பொருள். முறுக்கை இலையில் வைத்து வாங்கிக்கொண்டு, "இது உங்கள் வீட்டில் செய்ததா?" என்றொரு கேள்விதான் கேட்டார். ஆம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

அன்பர்களே! அங்கேதான் எங்கள் முதல் நாள் கேள்விக்கு விடை கிடைத்தது. அத்தீவின் அமைதி, ஒன்றுமில்லாமையால் விளைந்த வெறுமை அன்று. காக்க வேண்டுமென்று எண்ணியோர் காத்து வைத்த செல்வம் அது. அதற்கு அவர்கள் விலையும் கொடுத்துள்ளனர். தென்மேற்கு முனையில் செல்வர்க்கென 200 மாளிகை மனைகள் அமைக்க ஒரு பெருநிறுவனம் முற்பட்டபோது ஊரார் பலர் எதிர்த்தனர். 2008இல் அந்நிறுவனம் தன் விடுதியையும் பிறவற்றையும் மூடிவிட, நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். ஏழாயிரம் பேர் வாழும் ஊரில் அது சிறிய இழப்பன்று. எதிர்த்தது சரியா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலான பண்டங்கள் கடல் கடந்தே வருவதால் விலையும் மிகுதி. இவற்றையெல்லாம் மறந்து, என்ன அழகு, என்ன அமைதி என்று நாம் மட்டும் வியந்து திரும்புதல் நேர்மையன்று.

ஐந்தாம் நாளைப் பற்றிச் சில சொற்கள். மேற்குக் கரையில் பாபோஹாகு என்னும் வெண்மணற் கடற்கரை மூன்று மைல் நீளம் கிடக்கிறது. எங்களைத் தவிர அங்கே நால்வரே இருந்தனர். நீரோட்டம் கொடியது, கால் நனைத்தலோடு நின்றோம். பின்னர் ஹோலேஹுவா அஞ்சலகத்திற்குப் போனோம். அங்கே மட்டையோடு கூடிய தேங்காயை விலையின்றித் தருவர். அதன்மேல் முகவரி எழுதி, வண்ணம் தீட்டி, அஞ்சற் கட்டணம் மட்டும் செலுத்தினால், பெட்டியில்லாமலே அனுப்பி வைப்பர். எங்கள் பேரனுக்கு ஒன்று அனுப்பினோம். தமிழில் அவன் பெயரையும் எழுதியிருந்தோம். நாங்கள் திரும்பியபின் வந்து சேர்ந்த அத்தேங்காயை உடைக்க அவன் இன்றளவும் இசையவில்லை!

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். வாடகை வண்டியை முன்னரே ஏற்பாடு செய்க. கடைகள் விரைவில் மூடும். ஞாயிறன்று பல திறவா. சைவ உணவினர் அரிசி, பப்பாளி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றால் நிறைவு பெறலாம். இரவில் கவுனகாகாய்ச் சந்து ஒன்றில் சுடச்சுட விற்கும் ரொட்டியைத் தவற விடாதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் இடத்திற்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கும் கேட்டு நுழையுங்கள். கையில் ஏதேனும் கொண்டு செல்லுங்கள்.

நாமும் பிறர் ஊரில் வந்து குடியேறியவர்கள். முதன்முதல் நம்மை இவ்வூரார் தம் திண்ணையில் அமர வைத்த நாளை நம் பெரியோர் மறந்திலர். விருந்தினராய்ச் செல்லும் பண்பு நமக்குப் புதியதன்று. மொலோகாயின் வாயிலில் ஒலித்த சங்கு அதனை எங்களுக்கு மீண்டும் நினைவூட்டிற்று.