பாதை இல்லாத நிலம் யாருக்கு?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, தோல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் இட்லி வியாபாரத்திலும் ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாளையும் சங்கத்துக்குத் தந்திருக்கும் தோழர்களே!

இன்று நான் பேச வந்திருப்பது நிலத்தைப் பற்றி. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே முடங்கிக் கிடந்து, சீட்டுப் போட்டு, வயிற்றைக் கட்டி, திருநெல்வேலிப் பக்கமோ தென்காசிப் பக்கமோ நாம் வாங்கிப் போட்டிருக்கிறோமே, அந்த நாலைந்து சென்ட் நிலத்தைப் பற்றி.

சாலையோரத்து நிலம் விலை அதிகம். அதன் பின்னால் கிடக்கும் நிலம் மலிவு. உழைப்பவன் கைக்கு எட்டுவது எப்போதும் பின்னால் கிடப்பதுதான். இருபது குடும்பம் சேர்ந்து ஒரு ஏக்கர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதை எங்கே என்று கேட்டால் தரகர் கையை நீட்டி, "அதோ வண்டி போகுதே, தெரியலையா?" என்கிறார். வண்டி போவது உண்மைதான். அறுவடை முடிந்து முன் வயல் காய்ந்து கிடக்கும்போது, அந்த வயல்காரர் சும்மா இருக்கிற வரைக்கும் போகும். செங்கல் லாரி வருகிற அன்றைக்கு அவர் வேலி போடுவார். அன்றுதான் தெரியும், நாம் வாங்கியது மண்ணை மட்டும்தான் என்று.

வைக்கத்திலே 1924-இல் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்ற வரலாறு நமக்கு மனப்பாடம். அது பொதுத் தெரு. பொதுத் தெருவை அடைப்பவனை எதிர்த்து ஊரைத் திரட்டலாம், கொடி பிடிக்கலாம். முன் வயலோ ஒருவருடைய பட்டா நிலம். அங்கே முழக்கம் செல்லாது. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

சட்டம் பழையது. 1882-இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த வசதியுரிமைச் சட்டம். சென்னை மாகாணத்துக்கு அப்போதே வந்தது, பம்பாய்க்கு 1891-இல் வந்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. பாதை இல்லாதவனுக்கு அது வழி தருமா? தரும், ஆனால் எல்லோருக்கும் தராது. 13-ஆம் பிரிவைப் பாருங்கள். முன் நிலமும் பின் நிலமும் ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்து, பிறகு விற்பனையாலோ உயிலாலோ பாகப்பிரிவினையாலோ பிரிந்திருந்தால், வேறு வழியே இல்லாத பின் நிலத்துக்கு முன் நிலத்தின் வழியே போகும் உரிமை உண்டு. சுற்றுவழி ஒன்று இருந்தாலும், அது கல்லும் முள்ளுமாக இருந்தாலும், இந்த உரிமை கிடையாது. ஆகவே மூலப் பத்திரத்தைத் தேடுங்கள். உங்களுக்கு விற்றவரின் அப்பாவும் முன் வயல்காரரின் அப்பாவும் அண்ணன் தம்பியாக இருந்து பிரித்துக்கொண்டிருந்தால் உங்கள் கையில் துருப்புச் சீட்டு இருக்கிறது.

சிலர் சொல்வார்கள், "இருபது வருஷமா நடக்கிறோம், எவன் தடுப்பான்?" என்று. 15-ஆம் பிரிவு இருபது ஆண்டு என்றுதான் சொல்கிறது. அரசு நிலம் என்றால் முப்பது. ஆனால் வெளிப்படையாக, சண்டையின்றி, இடைவிடாமல், உரிமையோடு நடந்திருக்க வேண்டும். "அண்ணாச்சி, கொஞ்சம் போய்க்கிடுதேன்" என்று கேட்டு நடந்தது தயவில் நடந்தது. தயவு நூறு வருஷம் ஆனாலும் உரிமையாக மாறாது.

நான் அழுத்திச் சொல்ல வந்த இடம் இனிமேல்தான். சரி, வழியுரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதற்கான வழி? 28-ஆம் பிரிவு சொல்கிறது: ஒருவகை வழியுரிமை இன்னொரு வகை வழியுரிமை ஆகாது. நடைபாதைக்கு உரிமை இருந்தால் லாரிக்கு உரிமை வந்துவிடாது. தேவையால் பிறந்த வழி, நிலம் பிரிந்த நாளில் என்ன தேவையோ அந்த அளவுதான். உழவுமாடு போக இருந்த பாதை இருபது வீட்டுக்குத் தெருவாக வளராது. 30-ஆம் பிரிவு இன்னும் நேராக வருகிறது. பின் நிலத்தைப் பங்கு போட்டால் ஒவ்வொரு பங்குக்கும் வழியுரிமை சேரும். ஆனால் முன் நிலத்தின் சுமை பெரிதாகக் கூடிவிடக் கூடாது. ஒரு விவசாயி போன வழியில் இருபது குடும்பம், இருபது வண்டி, தண்ணீர்க் குழாய், சாக்கடை என்றால் சுமை கூடாமல் என்ன செய்யும்? ஆக, கோர்ட்டுக்குப் போய் வழி வாங்கலாம், உழுது பிழைக்கலாம். மனை பிரித்து வீடு கட்ட அந்த வழி போதாது.

மனை பிரிப்பதற்கு இன்னொரு கதவு இருக்கிறது. அது நகர் ஊரமைப்புத் துறையின் கதவு, டி.டி.சி.பி. என்கிறோமே, அது. தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம், 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஆகியவற்றின்படி, மனைப்பிரிவு பொதுச்சாலையைத் தொட வேண்டும், குறித்த அகலம் வேண்டும், உள்ளே போடும் தெருவைப் பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். தானம் எழுத யாரால் முடியும்? மண்ணுக்கு உரியவரால்தான். அடுத்தவர் வயலில் நமக்கு நடக்கும் உரிமை மட்டும் இருந்தால் நாம் எதைத் தானம் கொடுப்பது? அனுமதி இல்லாத மனைகளின் பத்திரப் பதிவை 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியபோது, மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்தவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஆகவே நான் சொல்லும் வழி ஒன்றுதான். அந்தப் பாதைத் துண்டை விலைக்கு வாங்குங்கள், தனித்தனியாகப் போகாமல் சேர்ந்து வாங்குங்கள், நிலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் வாங்குங்கள். கணக்கைப் பாருங்கள். இருபதடி அகலம், இருநூறடி நீளம் என்று கணக்குக்காக வைத்தால் 4,000 சதுர அடி, அதாவது ஒன்பது சென்ட்டுக்குச் சற்றே மேல். இருபது குடும்பத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை சென்ட்கூட வரவில்லை. முன் வயல்காரர் ஐந்து மடங்கு விலை கேட்டாலும் ஆளுக்கு இரண்டே கால் சென்ட் விலைதான். வலிக்கும்; ஆனால் ஐந்து சென்ட் முடங்கிக் கிடப்பதைவிட மேல். உள் தெருவுக்கும் நம் ஏக்கரில் பத்து சென்ட்டுக்கு நெருக்கமாகப் போகும், அதையும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். அகலம் எத்தனை என்பதை மட்டும் தரகரிடம் கேட்காதீர்கள். அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முன் வயல்காரரைப் பகைவராகப் பார்க்க வேண்டியதில்லை. தெரு விழுந்தால் அவர் வயலுக்கும் இரண்டு பக்கம் முகப்புக் கிடைக்கிறது. அவர் பணம் வேண்டாம் என்றால் தெருவோரத்து மனை ஒன்றை மாற்றாகக் கொடுக்கலாம், பரிவர்த்தனைப் பத்திரம் போடலாம். இதை எடுத்துச் சொல்ல ஊரில் பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள். மும்பைக்காரன் பணத்தோடு வந்திருக்கிறான் என்று தெரிந்தால் விலை ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அவர் விற்க மாட்டார், உரிமை மட்டும் எழுதித் தருவார் என்றால், குடியிருக்கவாவது அது உதவட்டும். ஆனால் பத்து ரூபாய்த் தாளில் எழுதி வாங்காதீர்கள், பதிவு செய்யுங்கள். அகலம், நீளம், புல எண், வரைபடம் எல்லாம் இருக்கட்டும். லாரி போக, குழாய் பதிக்க, மின்கம்பம் நட, எத்தனை மனையாகப் பிரித்தாலும் அத்தனைக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். பிற்காலத்தில் வேறு வழி வந்துவிட்டது என்று சொல்லி, பத்திரத்தால் தந்த வழியைப் பறிக்க முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேவையால் வந்த வழிக்கு அந்தக் காப்பு இல்லை. கையெழுத்து, பங்காளிகள் அத்தனை பேரும் போட வேண்டும். மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று 2005-லேயே நாடு முழுதும் சட்டம் வந்துவிட்டது. கட்டிக் கொடுத்த ஊரில் இருக்கும் தங்கையையும் கேட்காமல் வந்துவிடாதீர்கள். பவர் பத்திரத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது உரிமையை மாற்றாது என்று 2011-இல் தீர்ப்பாகிவிட்டது.

கல்யாண், பத்லாப்பூர் பக்கம் குண்டாக் கணக்கில் வாங்கிய தோழர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஒரு குண்டா 1,089 சதுர அடி, பத்திரத்துக்குப் பக்கபலம் சாத்பாரா. வழியுரிமைச் சட்டம் உங்களுக்கும் இதேதான். பிரிக்கும் விதிகள் வேறு. அதைத் தனியே ஒரு கூட்டத்தில் பேச வேண்டும்.

இன்னொன்று. பல ஊர்களில் வண்டிப்பாதைப் புறம்போக்கு புல வரைபடத்தில் இருக்கும், தரையில் இருக்காது. யாரோ உழுது தன் வயலோடு சேர்த்திருப்பார். அது பொதுச் சொத்து, அதை மீட்கக் கேட்பது பிச்சை கேட்பதாகாது. வட்டாட்சியருக்கு இருபது குடும்பமும் கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள். ஓட்டுக் கேட்டு ஊரிலிருந்து இங்கே வருகிறவர்களிடமும் இதைக் கேளுங்கள். பாதை எது என்று பத்திரத்தில் எழுதாமல் எந்த மனையையும் பதியக் கூடாது என்று அரசுக்கு ஒரு கோரிக்கை வைக்கச் சங்கம் தீர்மானிக்க வேண்டும் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வில்லங்கச் சான்றை இன்று கணினியிலேயே எடுக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கைவேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூலப் பத்திர நகல், பட்டா, புல வரைபடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். யார் யாருக்கு முன் நிலமும் பின் நிலமும் ஒரே கையில் இருந்தன என்று உட்கார்ந்து பார்ப்போம். வீட்டுத் தாய்மார்களும் வர வேண்டும். பாதி நிலம் அவர்கள் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கியதுதானே.