இடம் மாறிய கோப்புறை



கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும், "இது பிள்ளைகளின் சங்கதி, நமக்கென்ன?" என்று பெரியோர் சிலர் எண்ணியிருக்கக்கூடும். உண்மையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் விலாசத்தைப் பற்றியது. ஆட்கள் ஓரிடத்திலும் விலாசம் வேறோரிடத்திலும் இருந்தால் என்ன நேரும் என்பதை இவ்வூர்ப் பெரியோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே கிளிநொச்சிப் பகுதிச் சனங்கள் ஊரைவிட்டு எழுந்தபொழுது, பழைய விலாசத்துக்கு எழுதப்பட்ட கடிதம் எவர் கைக்கும் சேரவில்லை. கடிதத்தில் குற்றமில்லை, ஆளிலும் குற்றமில்லை. விலாசம் மட்டுமே பிழையாயிற்று.

கணினிக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவ முயல்கிறோம். பாதி வழியில் அது நின்றுவிடுகிறது. "வழு 1327" என்றோ, "வழு 1606" என்றோ ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. மறுபடியும் தரவிறக்கிப் பார்க்கிறோம். மறுபடியும் அதே வழு. மென்பொருள் பழுது என்கிறார் ஒருவர். கணினி பழுது என்கிறார் மற்றொருவர். பெரும்பாலும் இரண்டும் பழுதல்ல.

இதன் காரணம் யாதெனிற் கூறுவேன். விண்டோஸ் இயங்கும் ஒவ்வொரு கணினியிலும் சில கோப்புறைகளுக்குக் குறித்த இடம் உண்டு. ஆவணங்களுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று, மென்பொருள்கள் தம் குறிப்புகளை வைப்பதற்கு ஒன்று என்று அவை வகுக்கப்பட்டிருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்பதை ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேடு எழுதி வைத்திருக்கிறது. நம் முன்னோர் காலத்துக் காணித் தோம்பைப் போன்றது அது என்று கொள்ளுங்கள். மென்பொருளை நிறுவும் நிரல், வேலையைத் தொடங்குமுன் அந்தத் தோம்பைப் புரட்டி, அதில் எழுதிய இடங்கள் உள்ளனவா என்று பார்க்கிறது. ஓரிடம் இல்லையென்றால், தான் அங்கே ஒன்றும் வைக்கப்போவதில்லை என்றாலும்கூட, பெரும்பாலும் வேலையை நிறுத்திவிடுகிறது.

இடம் எப்படி இல்லாமற் போகிறது? சி டிரைவில் இடம் போதவில்லையென்று ஆவணக் கோப்புறையை டி டிரைவுக்கு மாற்றுகிறோம். பின்னொரு நாள் அந்த வன்தட்டைக் கழற்றிவிடுகிறோம். அல்லது வேறொரு தட்டைப் பூட்டியதால் டி என்ற எழுத்து ஈ என்று மாறிவிடுகிறது. தட்டு போய்விட்டது, தோம்பில் மட்டும் டி என்றே எழுதியிருக்கிறது. வன்டிரைவ் என்னும் இணையச் சேமிப்பைப் பூட்டிப் பின் நீக்கியவர்களுக்கும் இத்தகைய பழைய விலாசம் எஞ்சி நிற்பதுண்டு.

நிற்க. இந்தச் சிறு வழுவுக்கு நம்மிற் பலர் செய்யும் வைத்தியம் என்ன? கணினியைக் கடைக்குக் கொண்டுபோய், "போர்மட் பண்ணித் தாருங்கள்" என்கிறோம். அன்பர்களே, அதிலேதான் ஆபத்து இருக்கிறது. போர்மட் பண்ணினால் வழு தீரும். பிரதி எடுத்துவைக்காத யாவும் அதனோடு போகும். இடம்பெயர்வில் கலியாணப் படமும் பெற்றோர் படமும் இழந்த குடும்பங்கள் இங்கே எத்தனை! வெளிநாட்டு உறவினரிடம் கேட்டு வாங்கிய ஒன்றிரண்டு படங்களும், காணி உறுதியின் பிரதியும், பிள்ளையின் சான்றிதழும் இன்று கணினிக்குள்ளேயே கிடக்கின்றன. ஒரு முறை இழந்தவற்றை, ஒரு தவறான விலாசத்தின் பொருட்டு இரண்டாம் முறையும் இழக்கலாமா?

வயலுக்கு இரணைமடுத் தண்ணீர் வரவில்லையென்றால் கமக்காரன் குளக்கட்டையா வெட்டுகிறான்? வாய்க்காலோடு நடந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கிறான். நாமும் அவ்வாறே நடப்போம்.

முதலாவது, அறிவிப்பை முழுவதும் வாசியுங்கள். இலக்கத்தைக் குறித்து வையுங்கள். 1327 என்பது, அந்த எழுத்துடைய டிரைவ் செல்லாது என்று கூறுவது. எந்த எழுத்து என்பதையும் அதுவே சொல்லும். 1606 என்பது, குறித்த இடத்தை அணுக முடியவில்லை என்று கூறுவது.

இரண்டாவது, அந்த எழுத்துடைய டிரைவ் கணினியில் உண்டா என்று பாருங்கள். வெளித்தட்டைப் பூட்ட மறந்திருந்தால் பூட்டுங்கள். எழுத்து மாறியிருந்தால் டிஸ்க் மனேஜ்மென்ட் என்ற பகுதியிலே பழைய எழுத்தைத் திரும்பக் கொடுக்கலாம்.

மூன்றாவது, தட்டு இனி இல்லையென்றால் விலாசத்தைத் திருத்துங்கள். ஆவணக் கோப்புறையின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, புரொப்பட்டீஸ் என்பதைத் திறந்து, லொகேஷன் என்ற பக்கத்தில் 'ரிஸ்டோர் டிபோல்ட்' என்பதைத் தெரிந்தால் பழைய இடமே மீண்டும் பதியப்படும். படங்கள் முதலிய கோப்புறைகளுக்கும் இதுவே வழி.

நான்காவது, அதுவும் பலிக்காவிட்டாற் பதிவேட்டையே பார்க்கவேண்டும். ரெஜெடிட் என்ற கருவியைத் திறந்து, எச்கீ கரண்ட் யூசர் என்ற பகுதியிலே சொப்ட்வெயர், மைக்ரோசொப்ட், விண்டோஸ், கரண்ட் வேர்ஷன், எக்ஸ்புளோரர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றால், யூசர் ஷெல் போல்டர்ஸ் என்ற பட்டியல் கிடைக்கும். அதில் 'பேர்சனல்' என்றிருப்பது ஆவணக் கோப்புறை. இல்லாத டிரைவின் எழுத்து எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரியே குற்றவாளி. அதை மட்டும் திருத்தி, கணினியிலிருந்து ஒரு முறை வெளியேறி மீண்டும் நுழைந்து, நிறுவிப் பாருங்கள். ஆனால், திருத்துமுன் 'எக்ஸ்போர்ட்' என்பதால் அந்தப் பட்டியலின் பிரதியொன்றை எடுத்து வைப்பது கட்டாயம். தோம்பிற் கைவைப்பவன் பிரதியில்லாமற் கைவைக்கலாகாது.

இன்னுமொன்று: புரோகிராம் பைல்ஸ் என்ற கோப்புறையைப் பதிவேட்டு வழியாக இடம் மாற்ற முயலாதீர்கள். அவ்வாறு மாற்றுவதைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே தெரிவித்துள்ளது.

இடம் மாற்றுவது குற்றமென்று நான் கூறவில்லை. முறையோடு மாற்றவேண்டும் என்பதே என் கருத்து. 2007ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலே, பயனாளர் கோப்புறைகள் 'டொக்கியூமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற இடத்திலிருந்து 'யூசர்ஸ்' என்ற இடத்துக்குப் போயின. பழைய பெயரைத் தேடிவரும் மென்பொருள்கள் தடுமாறாதிருக்கும்படி, அப்பெயரிலேயே ஒரு வழிகாட்டி இணைப்பையும் விட்டுச் சென்றார்கள். வீடு மாறுகிறவர் தபாற் கந்தோருக்குப் புது விலாசம் கொடுத்துவிட்டுப் போவதை ஒத்தது இது.

தம்பிமாரே, தங்கைமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அயல்வீட்டு ஐயாவோ அம்மாவோ கணினி பழுதென்று வந்தால், "போர்மட்" என்ற சொல்லை முதலில் எடுக்காதீர்கள். அவர்களுடைய படங்களையும் பத்திரங்களையும் வேறொரு தட்டிற் பிரதி செய்து அவர்கள் கையிற் கொடுங்கள். அதன் பின் வழுவைத் தேடுங்கள். பெரியோர்களே, நீங்களும் கணினியைக் கடையிற் கொடுக்குமுன், "உள்ளே இருப்பவற்றுக்குப் பிரதி எடுத்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.