சிறு றொக்கெற் செய்து ஏவுதல்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



'றொக்கெற்' என்ற சொல் இம் மண்டபத்தில் எல்லார் காதிலும் ஒரே விதமாக விழுவதில்லை என்பதை நாம் அறிவோம். இளையோருக்கு அது சந்திரனுக்குச் செல்லும் வாகனம். அவர்தம் பெற்றோர்க்கோ அது பதுங்குகுழியை நினைவூட்டும் சொல். போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது; ஆயினும் வடபகுதி நிலத்திலிருந்து வெடிபொருட்களை அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. ஆகவே, பிள்ளைகளுக்கு றொக்கெற் செய்யக் கற்பிக்கலாம் என்று நாம் பேசத் தொடங்கியதும் பெற்றோர் சிலர் முகஞ் சுளித்தது நியாயமானதே. அவர்களுக்கு மறுமொழி கூறிவிட்டே செய்முறைக்கு வருவோம்.

றொக்கெற் எமக்குப் புதிய பொருளன்று. கோயில் திருவிழாவில் ஈர்க்கு வாணம் சீறிக்கொண்டு மேலே போவதைக் காணாத பிள்ளை இவ்வூரில் இல்லை. வாணத்தின் அடியிலிருந்து புகை கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. வாணம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்று நியூற்றன் சொன்ன விதி இதுவே. சந்திரனுக்குப் போனவர்களும் இந்த விதியிலேதான் போனார்கள்.

அப்படியானால் வாணத்தைப் பார்த்துப் பிள்ளையும் மருந்து இடிக்கலாமே என்று எண்ணுவோர் இருக்கலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. 1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆந் திகதி இரசியர் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பினர். அமெரிக்கச் சிறுவர்க்கு றொக்கெற் மோகம் தலைக்கேறியது. இரும்புக் குழாயிலே தீக்குச்சி மருந்தையும் கண்ட கண்ட இரசாயனங்களையும் அடைத்துக் கொளுத்தினார்கள். விரல் போனவர்கள், கண் போனவர்கள், உயிரே போனவர்கள் உண்டு.

இதற்கு மாற்று வழியைக் கண்டவர் விஞ்ஞானியல்லர். நெப்ராஸ்கா மாநிலத்திலே நோர்போக் என்னும் சிற்றூரில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் காலைல் என்பவர். வாணவேடிக்கை அவருக்குப் பொழுதுபோக்கு. அவருடைய சகோதரர் றொபேட்டுக்கோ மாதிரி விமானம் பறக்கவிடுவது. இருவருமாக 1954 ஆம் ஆண்டில் கடதாசிக் குழாயும் பாரமற்ற மரமும் கொண்டு ஒரு சிறு றொக்கெற்றைச் செய்தனர். எரிமருந்து தனியான சிறு கடதாசிக் குழலில் அடைக்கப்பட்டிருந்தது. மேலே போனதும் குடை விரிய, றொக்கெற் மெல்லக் கீழே வரும். மருந்துக் குழலை மாற்றினால் அதே றொக்கெற்றை மீண்டும் ஏவலாம். இளைஞர் படும் விபத்துக்களைப் பற்றி எழுதிவந்த ஹரி ஸ்ரைன் என்ற றொக்கெற் பொறியாளருக்குக் காலைல் தம் மாதிரியை அனுப்ப, அவர் அதை விற்பனைக்குக் கொணர்ந்தார். பின்னர் வேர்ணன் எஸ்ரிஸ் என்பவர் இந்த மருந்துக் குழல்களை இயந்திரத்தால் விரைவாகச் செய்யும் வழியைக் கண்டார். மருந்தைப் பிள்ளை கையால் தொடாதிருக்க வேண்டும் என்பதே இந்தக் கலையின் முதல் விதி. ஒருவன் மருந்து கலக்கத் தொடங்கினால் அவன் செய்வது மாதிரி றொக்கெற் அன்று. எம்முடைய மறுமொழியும் இதுவே: இங்கே எவரும் எதையும் இடிக்கவோ கலக்கவோ போவதில்லை. வீதியோரத்திலும் வெறுங்காணியிலும் கிடக்கும் இரும்பு எதையும் எவரும் எடுக்கவும் போவதில்லை.

நெருப்பே இல்லாமலும் தொடங்கலாம். அதற்கு வேண்டியது ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று, சைக்கிள் பம் ஒன்று, கொஞ்சம் தண்ணீர். சோடாப் போத்தல் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணமுண்டு. அது வாயு அமுக்கத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. வெறுந் தண்ணீர் அடைத்து விற்கும் மெல்லிய போத்தல் தாங்காது. கண்ணாடிப் போத்தலை நினைத்தும் பார்க்கக் கூடாது.

போத்தலின் வாய்க்கு இறுக்கமான இறப்பர் அடைப்பான் ஒன்றைத் தேடுங்கள். அதன் நடுவே துளையிட்டுப் பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வைப் பொருத்துங்கள். போத்தலில் மூன்றிலொரு பங்கு, அதாவது அரை லீற்றர் அளவு தண்ணீர் விட்டு, அடைப்பானை இறுக்கி, வாய் கீழே இருக்கத் தடிகளின் நடுவே நிறுத்திக் காற்றை அடியுங்கள். அமுக்கம் ஏற ஏற அடைப்பான் தாங்காமல் கழன்றுவிடும். தண்ணீர் கீழே பீறிட, போத்தல் மேலே பாயும். தண்ணீர் எதற்கு, காற்று மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். காற்று பாரமற்றது, அதைத் தள்ளிப் பெறும் உதைப்பு அற்பம். பாரமான தண்ணீரைத் தள்ளும்போது கிடைக்கும் உதைப்பு பெரிது. ஆனால் போத்தல் நிறையத் தண்ணீர் விட்டால் அதைத் தள்ளக் காற்றுக்கு இடமில்லை. கால் பங்கு, மூன்றிலொரு பங்கு, அரைப் பங்கு என்று மாற்றி மாற்றி ஏவி உயரத்தைக் குறித்துப் பாருங்கள்; புத்தகம் சொல்லாமலே விடை தெரியவரும்.

நெருப்பில்லை என்பதற்காக விளையாட்டாக எண்ணிவிட வேண்டாம். சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அமுக்கத்தைத் தாண்டக் கூடாது. பம்முக்கும் போத்தலுக்கும் இடையே பதினைந்து அடி நீளக் குழாய் இருக்க வேண்டும். அடிப்பவர் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். மற்றவர் அவருக்கும் பின்னால் நிற்க வேண்டும். அடைப்பான் கழலவில்லையே என்று போத்தலின் மேல் குனிந்து பார்க்கும் ஆசை எல்லார்க்கும் வரும். காற்றை வெளியேற்றாமல் எவரும் கிட்டப் போகலாகாது. கீறல் விழுந்த போத்தலை எறிந்துவிடுங்கள்.

இப்படி ஏவிய முதற் போத்தல் பெரும்பாலும் கரணம் அடித்துக்கொண்டே போகும். இங்கேதான் கலை தொடங்குகிறது. பக்கத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பாருங்கள். முச்சை ஒரு விரற்கடை மாறினால் பட்டம் குத்திக்கொண்டு விழும். வால் குறைந்தால் சுழலும். றொக்கெற்றுக்கும் அதே கதைதான். றொக்கெற்றின் பாரம் முழுவதும் திரண்டு நிற்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி புவியீர்ப்பு மையம். பக்கக் காற்றின் தள்ளல் முழுவதும் திரண்டு நிற்கும் புள்ளி அமுக்க மையம். முன்னையது மூக்குப் பக்கமாகவும் பின்னையது வாற்பக்கமாகவும் இருந்தால், றொக்கெற் சாயும்போது காற்று வாலைத் தள்ளி நிமிர்த்திவிடும். மாறியிருந்தால் கரணம் நிச்சயம். இரண்டுக்கும் இடையே குழலின் விட்டமளவு தூரமாவது வேண்டும் என்பது அனுபவக் கணக்கு. ஈர்க்கு வாணத்தின் நீண்ட ஈர்க்கு அலங்காரத்துக்கு வைத்ததன்று. அமுக்க மையத்தைப் பின்னுக்கு இழுப்பதற்கு வைத்தது. அதைக் கட்டிய பழைய வாணக்காரர் இந்தப் பெயர்களைப் படித்திருக்கமாட்டார்.

போத்தலுக்கு மட்டையில் மூன்று அல்லது நான்கு செட்டைகளை வெட்டி வாய்ப்பக்கமாக ஒட்டுங்கள். மேற்பக்கம் மட்டைக் கூம்பு ஒன்றை வைத்து அதனுள் களிமண் உருண்டை ஒன்றை அடக்குங்கள். பின் தண்ணீரில்லாமல், புவியீர்ப்பு மையத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேலே வட்டமாகச் சுழற்றுங்கள். மூக்கு முன்னே பார்த்துச் சென்றால் நல்லது. வால் முன்னே வந்தால் மூக்கில் களிமண்ணைக் கூட்டுங்கள், அல்லது செட்டையைப் பெரிதாக்குங்கள். பட்டம் கட்டத் தெரிந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க அரைமணி நேரம் போதும்.

எவ்வளவு உயரம் போயிற்று என்பதில் வாக்குவாதம் வரும். 'பனையளவு' என்பார் ஒருவர், 'இரண்டு பனை' என்பார் இன்னொருவர். பாகைமானியின் நடுவில் நூலும் பாரமும் தொங்கவிட்டு, ஏவும் இடத்திலிருந்து 100 அடி தள்ளி நின்று, உச்சியில் நிற்கும்போது கோணத்தைக் குறியுங்கள். 45 பாகையானால் உயரம் 100 அடி. 30 பாகையானால் ஏறக்குறைய 58 அடி. 60 பாகையானால் 173 அடி. அதனோடு உங்கள் கண்ணின் உயரத்தைக் கூட்டுக. தான்சன் எதற்குப் படிக்கிறோம் என்று வகுப்பில் முணுமுணுப்பவர் இதைச் செய்து பார்க்கட்டும்.

மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளாக் நவீன தொழில்நுட்ப நிறுவகம் பாடசாலை மாணவர்க்கு நீர் றொக்கெற் போட்டிகளை நடத்தியிருக்கிறது. ஆசிய பசுபிக் நாடுகளின் மாணவர் கூடும் நீர் றொக்கெற் நிகழ்ச்சியும் 2005 ஆம் ஆண்டிலே தொடங்கியது. எமது பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்பதற்குப் பணமன்று, பயிற்சியே குறை.

மருந்துக் குழல் பூட்டும் மாதிரி றொக்கெற் அதற்கு அடுத்த படி. அதன் உடல் பசை பூசிச் சுருட்டிய தாட்குழல். மூக்குக்கு வெளிநாட்டார் பல்சா மரத்தைக் கடைவர். எமது வேலியில் நிற்கும் முள்முருக்கும் பாரமற்றதே, கடைந்து பார்க்கலாம். மருந்துக் குழலில் A8-3 என்பது போல எழுதியிருக்கும். எழுத்து மொத்தக் கணத்தாக்கைக் குறிப்பது: A என்றால் 2.5 நியூற்றன் செக்கன் வரை, B என்றால் 5 வரை, C என்றால் 10 வரை. எழுத்துக்கு எழுத்து இரட்டிப்பு. அடுத்த எண் சராசரி உதைப்பு. கடைசி எண் மருந்து எரிந்து முடிந்தபின் குடை வெளிப்படும்வரை செல்லும் செக்கன்கள். ஏவுவது நெருப்புக்குச்சியால் அன்று. பதினைந்து அடி தூரத்திலிருந்து பற்றறி மூலம். ஐந்திலிருந்து உரக்க எண்ணி, பின்னரே விசையை அழுத்த வேண்டும். பற்றாவிட்டால் மின்னிணைப்பைத் துண்டித்து ஒரு நிமிடம் கழித்தே கிட்டப் போக வேண்டும். இவ்வளவும் தெரிந்திருந்தாலும் இக்குழல்களை நாமாக வரவழைக்க முடியாது. பயணிகள் விமானத்தில் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர இடமில்லை. 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட் சட்டமும் நாட்டில் இருக்கிறது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மாமாவிடம் சொல்லி இரகசியமாக எடுப்பிக்கலாம் என்று எந்தத் தம்பியும் எண்ண வேண்டாம். பாடசாலை மூலம், அதிகாரிகளுக்கு எழுதி, அனுமதி கிடைத்தால் செய்வோம். கிடைக்கும்வரை போத்தல் இருக்கிறது.

போத்தல்தானே என்று இளக்காரமாக நினைப்பவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்துத் தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து 1963 நவம்பர் 21 இல் இந்தியா ஏவிய முதல் றொக்கெற் அமெரிக்காவிலிருந்து வந்தது. றொக்கெற் பாகங்களைச் சைக்கிளிலே வைத்துக் கொண்டுபோன காலம் அது. மாதா கோயிலொன்றே அலுவலகமாக இருந்தது. 1967 நவம்பர் 20 இல் அங்கே இந்தியர் தாமே செய்து ஏவிய முதல் றொக்கெற்றின் விட்டம் 75 மில்லிமீற்றர். எமது சோடாப் போத்தலைவிட ஒடுக்கம்! இன்றோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் றொக்கெற்றுகள் நேரே தெற்கே பறந்தால் இலங்கைக்கு மேலாகச் செல்ல நேரிடும் என்று வளைந்து போகின்றன. அவ்வளைவில் எரிபொருள் வீணாகிறது. சிறு றொக்கெற்றுகளுக்கு அந்த நட்டம் தாங்காது என்பதனாலேயே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024 பெப்ரவரி 28 இல் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினர்.

இனி எமது ஏவுதல். சோளகம் வீசும் காலத்தில் வேண்டாம். றொக்கெற் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பிச் சாய்ந்துவிடும். பனியுள்ள மாதங்களில் விடியற்காலை நல்லது. மின்கம்பி போகாத, பனை இல்லாத வெளியாகப் பார்க்க வேண்டும். பனை வட்டில் சிக்கிய குடையை எடுக்க எவரும் ஏறித் தரமாட்டார். சோடாப் போத்தல்களைக் கழுவி அடைப்பான் அளவு பார்த்து வையுங்கள். சைக்கிள் பம் நல்ல நிலையில் உள்ளவர்கள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பெற்றோரும் கூட வந்து பின்வரிசையில் நின்று பார்க்கலாம். எண்ணுவதற்கு உரத்த குரலுள்ள ஒருவரும் வேண்டும்.