கிணற்றருகே அமர்ந்தவர்



சென்னைக்குப் போய் சாந்தோமையும் பரங்கிமலையையும் பார்த்துவிட்டு வருவோம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும், பிள்ளைகளுக்குக் கடற்கரை நினைவுக்கு வருகிறது. பெரியவர்களுக்குப் புனித தோமையார் நினைவுக்கு வருகிறார். நாள்பட்ட வலியோடு வாழும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது படிக்கட்டு. ரயிலில் கீழ் பெர்த் கிடைக்குமா? நிலையத்தில் லிஃப்ட் ஓடுமா? இறங்கியதும் உட்கார ஒரு பெஞ்சாவது இருக்குமா?

மூட்டுவாதம், முதுகுத்தண்டு வலி, நரம்பு வலி என்று இதற்குப் பெயர்கள் பல. 3 மாதங்களுக்கு மேல் நீடித்தாலே நாள்பட்ட வலி என்கிறார்கள் மருத்துவர்கள். நம்மில் சிலருக்கு அது 20 ஆண்டுத் துணை. காலில் கட்டு இல்லை, கையில் ஊன்றுகோல் இல்லை. அதனால் வெளியே தெரிவதில்லை. கூட்டமான மின்சார ரயிலில் இடம் கேட்கக் கூச்சப்படுகிறோம். கேட்டால், 'ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்' என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்குப் பயந்தே தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை நின்றுகொண்டு போகிறவர்கள் உண்டு. மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுக்கிறோம். அடுத்த முறை, "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? அதைப் பூட்டே பார்த்துக்கொள்ளும்.

வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள் என்று நாம் சொல்லி வளர்ந்திருக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒப்புக்கொடுப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு தாங்குவது என்று எப்படியோ ஒரு பொருள் சேர்ந்துவிட்டது. சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையை நினைத்துப் பாருங்கள். சீரேன் ஊரைச் சேர்ந்த சீமோன் நாட்டுப்புறத்திலிருந்து எருசலேம் நகருக்குள் வந்துகொண்டிருந்தவர். படைவீரர்கள் அவரைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். நம் ஆண்டவர், 'வேண்டாம், நானே சுமந்துகொள்கிறேன்' என்று சொன்னதாக எந்த நற்செய்தியிலும் இல்லை. அந்தத் தோளை அவர் ஏற்றுக்கொண்டார்.

சாந்தோம் பேராலயத்தின் நிலவறையில் தோமையாரின் கல்லறை இருக்கிறது. காயங்களைக் கண்டால்தான் நம்புவேன் என்ற திருத்தூதர் அவர். பூட்டிய கதவைத் தாண்டி வந்த உயிர்த்த ஆண்டவரின் உடலில் அந்தக் காயங்கள் அப்படியே இருந்தன. சாவை வென்றவர் தழும்புகளை ஏன் வைத்துக்கொண்டார் என்று இறையியலார் காலங்காலமாய் யோசித்திருக்கிறார்கள். நமக்கு அந்த ஆராய்ச்சி வேண்டாம். குணம் கேட்டு மன்றாடியும் வலி நீங்காத நம்மைப் போன்றவர்களுக்கு, காயம் இருப்பது கடவுள் கைவிட்டதற்கு அடையாளம் அல்ல என்று அந்த உடலே சொல்கிறது. பவுலடியாரும் தம் உடலில் தைத்த முள் நீங்க மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை. அருள் கிடைத்தது.

பரங்கிமலைக்கு வருவோம். 1726-இல் கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். மலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே என்பார்கள். அதுவரை ஆற்றில் இறங்கி, கல்லிலும் முள்ளிலும் ஏறிப் போன திருப்பயணிகளுக்கு அது எத்தனை பெரிய உதவி! இன்று மலையின் உச்சிவரை வண்டி போகும் சாலையும் உண்டு. படியேறிப் போனால்தான் பலன், வண்டியில் போனால் பாதிப் பலன் என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு இருக்கிறதே, அதை எந்தத் திருச்சபைப் போதனையிலும் காணோம். பார்க்கப்போனால், அந்தப் படிகளும் ஒரு காலத்தில் நோகும் கால்களுக்கான வசதிதான்.

யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்திலும் ஒரு பயணம் வருகிறது. நண்பகல் வேளை. நடந்த களைப்பில் இயேசு யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்துவிட்டார். சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. தனியே உட்கார்ந்திருந்த அவரிடம்தான் சமாரியப் பெண் வந்தார். தண்ணீர் கொடு என்று முதலில் கேட்டவரும் அவரே. பிறகு சிக்கார் ஊர் மக்களே புறப்பட்டு அவரைத் தேடி வந்தார்கள்.

ஆகவே, வலியோடு நகரத்துக்குப் போகும்போது உட்காருவோம். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். காலையில் மூட்டுகள் இறுகியிருந்தால் பத்து மணிக்குமேல் கிளம்பலாம். கல்லறைக்குப் படியிறங்க முடியாவிட்டால் மேலே ஆலயத்தில் அமர்ந்து செபிக்கலாம். எழுந்தேற்றத்தின்போது முழங்காலிட முடியவில்லையே என்று கலங்க வேண்டாம். உடல்நலம் இடம் தராதவர்களுக்குத் திருப்பலி ஒழுங்குமுறையே விலக்கு அளிக்கிறது.

பங்கில் யாத்திரைக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பெயர்ப் பட்டியல் எழுதும்போது, பெயர் கொடுக்காதவர்களின் வீட்டுக்கும் ஒருமுறை போங்கள். வர விருப்பமா, எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடியும், வழியில் எங்கே நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். உடனே பதில் வராது. "எனக்காக எதற்கு?" என்பார்கள். கொஞ்சம் இருந்து, மறுபடியும் கேளுங்கள்.