தொடாத கீபோர்டு அனுப்பும் சேதி



கோயில் திருவிழா மேடையானாலும் தேவாலயப் பாடகர் குழுவானாலும் கீபோர்டு இல்லாத நிகழ்ச்சி இன்று அரிது. அதை வாசிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அதற்குள் எழும் கோளாறைப் பொறுமையாகக் கண்டறிபவரை யாரும் கவனிப்பதில்லை. அதுவும் தேர்ந்த காது வேண்டிய ஒரு கலைதான்.

கீபோர்டைக் கணினியோடு இணைத்திருக்கிறீர்கள். கட்டையில் விரல் படவில்லை. ஆனாலும் சிக்னல் வருவதாகத் திரையில் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. ‘போர்டு போச்சு’ என்று பலர் அப்போதே முடிவுகட்டிவிடுவார்கள். அந்தமானின் அபர்டீன் பஜாரில் இருப்பவருக்கு அந்த அவசரம் செலவு வைக்கும். உள்ளூரில் பழுது பார்க்க ஆள் கிடைக்காவிட்டால் பெட்டி கட்டிச் சென்னைக்குக் கப்பலேற்ற வேண்டும். போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று நாள்.

கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி மிடி. அது 1983இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. ரோலண்ட் நிறுவனத்தின் இகுடாரோ ககேஹாஷியும் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் அதற்கு முன்னின்றவர்கள். மிடி கம்பியில் ஓசை போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டார் என்பவை எண்களாகப் போகின்றன.

வாசிக்கும்போதே கம்பி கழன்றுவிட்டால்? ‘விரலை எடுத்துவிட்டார்’ என்ற சேதி போய்ச் சேராது. ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் சில கீபோர்டுகள் 254 என்ற எண்ணை 300 மில்லி நொடிக்குள் ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இரவுக் காவலாளி விசில் ஊதிக்கொண்டே தெருவைச் சுற்றுவதுபோல. இதன் பெயர் ஆக்டிவ் சென்சிங். இந்த ஏற்பாட்டை ஏற்கும் கருவி ஒருமுறை 254ஐக் கேட்டுவிட்டால், பிறகு தொடர்ந்து எதிர்பார்க்கும். 300 மில்லி நொடிக்கு மேல் எந்தச் சேதியும் வராவிட்டால் எல்லா ஸ்வரங்களையும் தானே நிறுத்திவிடும்.

ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் எண்ணைப் பாருங்கள். மற்ற கருவிகளைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கீபோர்டை மட்டும் இணையுங்கள். வரும் சேதிகளை எண்ணாகக் காட்டும் மிடி மானிட்டர் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 254 மட்டும் வந்தால் அது குறையல்ல. 248 வந்தால் அது தாளக் கடிகாரம், ஒரு கால் ஸ்வரத்துக்கு 24 முறை வரும். தேவையில்லையென்றால் கீபோர்டின் அமைப்புகளில் நிறுத்திவிடலாம். 224 முதல் 239 வரை ஓர் எண் தானாகத் துள்ளினால் சுருதி வளைக்கும் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். 176 முதல் 191 வரை வந்தால் பெடல், ஸ்லைடர், குமிழ் ஆகியவற்றைப் பாருங்கள். உப்புக்காற்று வீசும் நம் தீவுகளில் உலோகத் தொடுமுனைகள் அரிக்கப்படுவது புதிதல்ல. ஒரு கட்டைக்கு இரட்டை ஒலி வந்தால், கீபோர்டு தானும் ஒலித்து, கணினி திருப்பி அனுப்புவதையும் ஒலிக்கிறது. ‘லோக்கல்’ என்ற அமைப்பை அணைத்தால் போதும்.

ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற முனகல் கேட்டால் அது வேறு கதை. அதை மிடியில் தேடிப் பயனில்லை. அடாப்டரையும் எர்த்தையும் ஆடியோ கம்பியையும் சோதிக்க வேண்டும்.

தேர்ந்தவரையும் அரைகுறையையும் பிரிக்கும் இடம் ஒன்று உண்டு. 254 தொந்தரவு என்று அரைகுறை அதை நடுவழியில் வடிகட்டுவார். ஒன்றிரண்டு முன்பே தப்பிப் போயிருந்தால், கேட்கும் கருவி காவல் காக்கத் தொடங்கியிருக்கும். அப்புறம் நீளமாகப் பிடித்த ஸ்வரம் பாதியில் அறுந்துவிடும். வடிகட்டுவதானால் முழுக்க வடிகட்ட வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். வடிகட்டத் தேவை இல்லாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது. அது மேடையில் உங்களுக்குக் காவல்.

பழுது பார்ப்பதில் பாதி, பழுது அல்லாததைத் தொடாமலிருப்பது. அந்த நிதானம் உள்ளவரின் கையில் உங்கள் கீபோர்டைக் கொடுங்கள்.